ஒரே சண்டை, இரண்டு பெட்டிகள்: பழைய கன்சோல்களுக்கு 2டி ஏன் இவ்ளோ கஷ்டம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, கணக்குகளை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கியிருக்கிறேன்.)

இன்னைக்கு நேரா ஒரு சண்டையில இருந்தே ஆரம்பிக்கலாம்.

எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். கேப்காம் நிறுவனம் 1996இல் ஆர்கேடுக்காக வெளியிட்ட கேம். வோல்வரின், சைக்ளாப்ஸ் ஒரு பக்கம். ரியூ, சுன்-லி இன்னொரு பக்கம். ஒவ்வொரு ஆட்டக்காரரும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். களத்தில் ஒருவர், வெளியே ஒருவர். உள்ளே இருப்பவர் அடி வாங்கித் தளர்ந்தால், இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தி மற்றவரை இறக்கிவிடலாம். வெளியே போனவர் இழந்த உயிரில் கொஞ்சத்தை மெதுவாகத் திரும்பப் பெறுவார். எப்போது ஆளை மாற்றுவது, எதிராளி மாற்றும்போது எப்படி மாட்டவைப்பது... இந்தக் கணக்குதான் கேமே.

இது வீட்டுக்கு வந்தது இரண்டு வழியில். 1997 நவம்பரில் ஜப்பானில் செகா சாட்டர்னுக்கு வந்தது. ஆர்கேடில் பார்த்த மாதிரியே ஆளை மாற்றலாம். 1998இல் சோனி பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அதில் வழக்கமான ஆட்டத்தில் ஆளை மாற்ற முடியாது. கூட்டாளி சில குறிப்பிட்ட தாக்குதல்களுக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவ்ளோதான்.

கொஞ்சம் யோசிங்க. அதே 1998இல் அதே பிளேஸ்டேஷனில் டெக்கன் 3 ஓடியது. முழு 3டி. நம்ம எல்லாருக்கும் "3டி கஷ்டம், 2டி சுலபம்" என்று ஒரு எண்ணம் உண்டு. அப்படியென்றால் 3டி சண்டையை அநாயாசமாகக் காட்டிய பெட்டி, தட்டையான கார்ட்டூன் படங்களை வைத்து ஆளை மாற்ற முடியாமல் திணறியது ஏன்?

இந்த ஒரு கேள்விதான் இன்றைய எபிசோட். பதில் சொல்ல, கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஸ்ப்ரைட் என்றால் என்ன?

பின்னணியின் மேல் தனியாக நகரும் ஒரு சின்னப் படத்துக்குப் பெயர் ஸ்ப்ரைட். மரியோ ஒரு ஸ்ப்ரைட். அவர் உதைக்கும் ஆமை ஒரு ஸ்ப்ரைட். பெரிய உருவம் வேண்டுமென்றால் பல சின்ன ஸ்ப்ரைட்டுகளை ஓடு பதிக்கிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

80களின் கன்சோல்களில் இன்றைய மாதிரி முழுத் திரையையும் மெமரியில் வரைந்து வைத்துவிட்டுக் காட்டும் வசதி கிடையாது. அன்றைக்கு மெமரி விலை அப்படி. பழைய டிவியில் ஒரு எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக, வரிவரியாகத் திரையை வரையும். கன்சோலின் கிராபிக்ஸ் சிப் அந்தக் கதிரோடு கூடவே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் "இந்த வரியில் எந்தெந்த ஸ்ப்ரைட் வருது?" என்று பார்த்து, அந்த வரியை மட்டும் தயார் செய்து அனுப்பும். அடுத்த வரி, அடுத்த வரி என்று நொடிக்கு 60 தடவை முழுத் திரை.

அதனால் அந்தக் காலப் பெட்டிகளை ஒப்பிட "மொத்தம் எத்தனை ஸ்ப்ரைட்" என்று கேட்பதைவிட, "ஒரு வரியில் எத்தனை ஸ்ப்ரைட்" என்று கேட்பது நல்லது. சண்டை கேமில் இரண்டு பெரிய உருவங்கள் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வரிசையில் நிற்கும். அதாவது எல்லா ஸ்ப்ரைட்டும் ஒரே வரிகளில் வந்து குவியும்.

நின்டென்டோவின் முதல் பெட்டி, ஃபேமிகாம் அல்லது என்இஎஸ், ஒரு வரியில் 8 ஸ்ப்ரைட்டுகளைத்தான் காட்டும். ஒவ்வொன்றும் 8 பிக்சல் அகலம். ஆக 64 பிக்சல். திரையின் அகலம் 256 பிக்சல். இரண்டு வீரர்களுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 32 பிக்சல். கையை நீட்டிக் குத்தினாலே கணக்கு தாண்டிவிடும். தாண்டினால் மீதி ஸ்ப்ரைட்டுகள் அந்த வரியில் காணாமல் போகும். ஒரே ஆள் எப்போதும் மறையக் கூடாது என்பதால், புரோகிராமர்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரிசையை மாற்றிப் போடுவார்கள். அதுதான் நாம் பார்த்த அந்த மினுமினுப்பு. நம்ம ஊரில் "டிவி கேம்" என்று வாங்கி, "கேசட்" போட்டு விளையாடிய பெட்டிகளில் பல இதன் நகல்கள்தான். கூட்டம் சேர்ந்தால் எதிரிகள் மினுக்கியது ஞாபகம் இருக்கா? டிவி ரிப்பேர் இல்லைங்க, இந்த 8 என்ற எல்லைதான்.

அடுத்த தலைமுறை நிலைமையே வேறு. செகாவின் மெகா டிரைவ் ஒரு வரியில் 320 பிக்சல் அளவுக்கு ஸ்ப்ரைட் காட்டும்; திரை அகலமும் 320தான். சூப்பர் நின்டென்டோ 272 பிக்சல் வரை, திரை 256. அதாவது ஒரு வரி முழுக்க ஸ்ப்ரைட்டாலேயே நிரப்பலாம். பெரிய உருவங்கள் சண்டை போட இடம் கிடைத்துவிட்டது. 90களின் தொடக்கத்தில் சண்டை கேம்கள் வீட்டுக்குள் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

6 மெகாபைட் படங்கள், 2 மெகாபைட் கேட்ரிட்ஜ்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆர்கேடில் 1991இல் வந்தது. அதன் படங்களுக்கு மட்டுமே பலகையில் 6 மெகாபைட் ரோம் இருந்தது. 1992இல் சூப்பர் நின்டென்டோவுக்கு வந்த கேட்ரிட்ஜின் மொத்த அளவு 16 மெகாபிட். மெகாபிட் என்பதை 8ஆல் வகுத்தால் 2 மெகாபைட். படம், இசை, குரல், புரோகிராம் எல்லாமே இந்த இரண்டுக்குள்.

திரையும் சிறிது. ஆர்கேடில் அகலம் 384 பிக்சல். இங்கே 256. மூன்றில் இரண்டு பங்கு. ஆக உருவங்களைச் சின்னதாக்கித்தான் ஆக வேண்டும். அனிமேஷனில் நடுவில் வரும் சில படங்களை எடுத்துவிட்டார்கள்.

இதோடு இன்னொரு குறுகலான வாசலும் இருந்தது. கேட்ரிட்ஜில் இருக்கும் படத்தை சிப் நேரடியாகத் திரையில் போட முடியாது. முதலில் கன்சோலின் 64 கிலோபைட் வீடியோ மெமரிக்குக் கொண்டுவர வேண்டும். அதிலும் ஸ்ப்ரைட்டுகளுக்கு ஒரே நேரத்தில் 16 கிலோபைட்தான். கொண்டுவருவதற்கான நேரம், கதிர் திரையின் அடியில் இருந்து மேலே திரும்பிப் போகும் அந்தச் சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் ஏறக்குறைய 6 கிலோபைட் நகர்த்தலாம்.

6 கிலோபைட் என்றால் எவ்வளவு? 96 பிக்சல் அகலம், 128 பிக்சல் உயரத்தில் ஒரு வீரரின் படம். 16 நிறங்கள் என்றால் ஒரு பிக்சலுக்கு 4 பிட், அதாவது அரை பைட். பெருக்கினால் 6,144 பைட். சரியாக 6 கிலோபைட். ஒரு ஃப்ரேமுக்கு ஒரு வீரரின் ஒரு படம். இரண்டு வீரர்களும் ஒரே ஃப்ரேமில் முழுசாகப் படம் மாற்ற வேண்டுமென்றால் வாசல் போதாது. இந்த "ஒரு படம், 6 கிலோபைட்" என்ற கணக்கை நினைவில் வையுங்கள். கடைசி வரைக்கும் இதுதான் நம் அளவுகோல்.

இவ்வளவு வெட்டியும் அந்த கேம் 63 லட்சம் பிரதிகள் விற்றது. ஏன் தாங்கியது? சண்டை கேமில் இரண்டு விதமான "ஃப்ரேம்" இருக்கிறது. ஒன்று, நொடிக்கு 60 தடவை துடிக்கும் கடிகாரம். இன்னொன்று, ஓவியர் வரைந்த படம். ஒரு குத்து 12 துடிப்பு நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 6 படங்கள் வரைந்திருந்தால் ஒவ்வொன்றும் 2 துடிப்பு நிற்கும். 3 படங்களாகக் குறைத்தால் ஒவ்வொன்றும் 4 துடிப்பு நிற்கும். பார்க்கக் கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரியும். ஆனால் குத்து எப்போது தொடங்கும், எப்போது படும், எப்போது முடியும் என்ற கடிகாரத்தை அப்படியே வைத்திருக்கலாம். விரலுக்குப் பழகிய நேரம் மாறாது.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. எதிராளி என்ன செய்யப்போகிறார் என்பதை நாம் அவருடைய உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். தோள் லேசாக முன்னால் வரும், கால் மடங்கும். அந்த முன்னறிவிப்புப் படத்தையே வெட்டிவிட்டால், கடிகாரம் சரியாக இருந்தும் நம் கண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. வேகமான குத்துகள் 3, 4 துடிப்புகளில் வந்து விழும் உலகம் இது. ஒரு துடிப்பு என்பது ஏறக்குறைய 17 மில்லி செகண்ட்.

பட்டன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு 3 குத்து, 3 உதை என்று 6 பட்டன் வேண்டும். சூப்பர் நின்டென்டோ பேடில் 6 இருந்தன. மெகா டிரைவின் முதல் பேடில் 3தான். 1993இல் இந்த கேம் மெகா டிரைவுக்கு வந்த சமயத்தில் செகா 6 பட்டன் பேடைத் தனியாகக் கொண்டுவந்தது. ஒரு கேமுக்காக ஒரு கன்சோலின் கையே மாறியது என்றுகூடச் சொல்லலாம்.

நியோ ஜியோ: காசு இருந்தால் வெட்ட வேண்டாம்

இதே காலத்தில் ஒரு பெட்டி மட்டும் இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் இருந்தது. எஸ்என்கே 1990இல் வெளியிட்ட நியோ ஜியோ. இதில் பின்னணி அடுக்குகளே கிடையாது. எழுத்து, மதிப்பெண் காட்ட ஒரு சின்ன அடுக்கு உண்டு. மற்றபடி திரையில் தெரியும் எல்லாமே ஸ்ப்ரைட்தான். மலை, கோயில், வேடிக்கை பார்க்கும் கூட்டம் எல்லாம். ஒவ்வொன்றும் 16 பிக்சல் அகலம், 512 பிக்சல் உயரம் வரை போகும் பட்டைகள். ஒரு வரியில் 96 பட்டைகள். 96ஐ 16ஆல் பெருக்கினால் 1,536 பிக்சல். திரை அகலம் 320. அதாவது திரையை நான்கு தடவைக்கு மேல் மூடலாம்.

ஆனால் உண்மையான சூட்சுமம் கேட்ரிட்ஜில் இருந்தது. நியோ ஜியோவின் கிராபிக்ஸ் சிப் கேட்ரிட்ஜின் பட ரோமை நேரடியாகப் படிக்கும். நடுவில் கொண்டுவந்து இறக்கி வைக்கும் வேலையே இல்லை. கேட்ரிட்ஜ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு படங்களும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். 1998இல் வந்த தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98 கேட்ரிட்ஜின் அளவு 683 மெகாபிட். ஏறக்குறைய 85 மெகாபைட். ஆறு வருஷத்துக்கு முன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 2 மெகாபைட்டில் என்பதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

விலை? அமெரிக்காவில் பெட்டி ஏறக்குறைய 650 டாலர். ஒரு கேம் 200 டாலரைச் சுற்றி. ஆர்கேடை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போகலாம், ஆர்கேடு முதலாளி மாதிரி செலவு செய்தால்.

எஸ்என்கேவுக்கே இது தெரியும். அதனால் 1994இல் நியோ ஜியோ சிடி என்று ஒரு மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். சிப் அதே. கேம்களும் அதே. கேட்ரிட்ஜுக்குப் பதில் சிடி. ஆனால் சிடியில் இருந்து சிப் நேரடியாகப் படிக்க முடியாதே! அதனால் 7 மெகாபைட் மெமரி வைத்து, ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் தேவையானதை அதில் நிரப்பினார்கள். சிடி டிரைவின் வேகம் நொடிக்கு 150 கிலோபைட். 7 மெகாபைட்டை முழுசாக நிரப்ப வேண்டுமென்றால் 47 நொடிகளுக்கு மேல். ஒரு ரவுண்டு சண்டையே சில சமயம் அதற்குள் முடிந்துவிடும்.

எனக்கு இந்தப் பெட்டி ரொம்பப் பிடித்த ஒரு பரிசோதனை. ஒரே நிறுவனம், ஒரே சிப், ஒரே கேம். படங்கள் எங்கே இருக்கின்றன என்ற ஒன்றை மட்டும் மாற்றினார்கள். அனுபவமே மாறிப்போனது.

சாட்டர்னும் பிளேஸ்டேஷனும்

இப்போ நம் பழைய கேள்விக்கு வருவோம். இரண்டும் 1994இன் கடைசியில் ஜப்பானில் வெளியானவை; சாட்டர்ன் நவம்பர் 22, பிளேஸ்டேஷன் டிசம்பர் 3. இரண்டிலும் சிடி. இரண்டின் சிடி வேகமும் நொடிக்கு 300 கிலோபைட். இரண்டிலும் முக்கிய மெமரி 2 மெகாபைட். காகிதத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான்.

வரையும் முறையில்தான் பிரிகிறார்கள். சாட்டர்னில் இரண்டு கிராபிக்ஸ் சிப். ஒன்று ஸ்ப்ரைட்டுகளை வரையும். அதை நான்கு மூலையையும் பிடித்து இழுத்து, சாய்த்து, நெளிக்கலாம். சாட்டர்னின் 3டி உருவங்களே இப்படி இழுக்கப்பட்ட ஸ்ப்ரைட்டுகள்தான். இன்னொரு சிப்பின் வேலை பின்னணி மட்டும். பல அடுக்குகளைத் தனித்தனி வேகத்தில் நகர்த்தும், வரிக்கு வரி வேறு அளவில் தள்ளும். சண்டை கேமில் நடக்கும்போது தரை மட்டும் பார்வைக் கோணத்தோடு சாய்வது போலத் தெரியும்ல? அது இப்படி வரிவரியாகத் தள்ளி உண்டாக்கும் மாயம். இதை சாட்டர்ன் கிட்டத்தட்ட சும்மாவே செய்யும்.

பிளேஸ்டேஷனில் பின்னணி அடுக்கு என்ற ஒன்றே கிடையாது. 1 மெகாபைட் வீடியோ மெமரி ஒரு பெரிய வெள்ளைத்தாள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பின்னணியை முதலில் பூச வேண்டும், அதன் மேல் வீரர்கள், அதன் மேல் நெருப்பு. எல்லாம் மறுபடி மறுபடி. இது கேட்க மோசமாக இருந்தாலும், அந்த சிப் ரொம்ப வேகம். செவ்வகப் படத்தை ஒட்டுவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒளி ஊடுருவும் நெருப்பு, புகை எல்லாம் அழகாக வரும். இந்த விஷயத்தில் சாட்டர்ன்தான் திண்டாடும். அதன் ஸ்ப்ரைட் சிப்பும் பின்னணி சிப்பும் தனித்தனி என்பதால், பாதி ஊடுருவும் ஒரு ஸ்ப்ரைட் பின்னணியோடு ஒழுங்காகக் கலக்காது. அதனால் பல சாட்டர்ன் கேம்களில் நிழல், புகை எல்லாம் ஒன்றுவிட்டு ஒன்று பிக்சல் போட்ட கொசுவலை மாதிரி இருக்கும்.

ஆக, வேகம்தான் பிரச்சினை என்றால் பிளேஸ்டேஷன் தப்பித்திருக்கும். மாட்டிக்கொண்டது இடத்தில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு படம் 6 கிலோபைட் என்றோம். ஒரு வீரருக்கு நிற்க, நடக்க, குதிக்க, குத்த, உதைக்க, விழ, எழ என்று 200 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். இது அந்த கேமில் எண்ணிப் பார்த்த எண் இல்லை, புரிவதற்காக நான் எடுத்த எண். 200 படங்களுக்கு 1.2 மெகாபைட்.

சாதாரண சண்டை கேமில் இரண்டு பேர். 2.4 மெகாபைட். பிளேஸ்டேஷனின் 2 மெகாபைட் முக்கிய மெமரியில் புரோகிராமும் இருக்க வேண்டும். வீடியோ மெமரியின் 1 மெகாபைட்டில், 320க்கு 240 அளவில் இரண்டு முழுத் திரைகளுக்கே 300 கிலோபைட் போய்விடும். மீதி சுமார் 700 கிலோபைட்டில் பின்னணிப் படமும் வேண்டும். இருந்தாலும் படங்களைச் சுருக்கி, காலி ஓரங்களை வெட்டி, சில படங்களைக் கைவிட்டால் இரண்டு பேரை எப்படியோ உட்கார வைக்கலாம்.

ஆளை மாற்றும் கேமில் நான்கு பேர். 4.8 மெகாபைட். எந்த நொடியில் யார் உள்ளே வருவார் என்று தெரியாது என்பதால் நான்கு பேரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். இது எவ்வளவு சுருக்கினாலும் உட்காராது.

"சரி, ஆளை மாற்றும்போது சிடியில் இருந்து படிச்சுக்கலாமே?" நல்ல கேள்வி. 1.2 மெகாபைட்டை நொடிக்கு 300 கிலோபைட்டில் படிக்க 4 நொடி. அதாவது 240 துடிப்பு. ஒரு குத்துக்கு 4 துடிப்பு என்ற உலகத்தில் 240 துடிப்பு நிறுத்தி வைத்தால், அதற்குப் பெயர் சண்டை கேம் இல்லை, பஸ் ஸ்டாண்ட்.

சாட்டர்னும் இதில் தோற்றிருக்க வேண்டியதுதான். அதை காப்பாற்றியது பெட்டியின் மேல் இருந்த ஒரு துளை. கேட்ரிட்ஜ் சொருகும் வசதியை செகா விட்டுவைத்திருந்தது. 1996இல் தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 சாட்டர்னுக்கு வந்தபோது, சிடியோடு ஒரு ரோம் கேட்ரிட்ஜும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்புறம் எந்த கேமுக்கும் பயன்படும் 1 மெகாபைட் மெமரி கேட்ரிட்ஜ் வந்தது. எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரோடு வந்தது 4 மெகாபைட் கேட்ரிட்ஜ். 2ம் 4ம் சேர்ந்தால் 6. நான்கு பேர் 4.8. உட்கார்ந்துவிட்டார்கள்.

பிளேஸ்டேஷனில் இப்படி மெமரியைக் கூட்ட வழியில்லை. ஆனால் கேப்காம் சும்மா விட்டுவிடவில்லை. அந்தப் பதிப்பில் ஒரு தனி முறை இருக்கிறது. அதில் ஆளை மாற்றலாம், ஒரு நிபந்தனையோடு. உங்கள் இரண்டாவது ஆள் எதிராளியின் முதல் ஆளாக இருக்க வேண்டும். அவருடைய இரண்டாவது ஆள் உங்கள் முதல் ஆள். நான் ரியூ, நீங்கள் வோல்வரின் என்றால், நான் ரியூ-வோல்வரின், நீங்கள் வோல்வரின்-ரியூ. திரையில் நான்கு பேர், மெமரியில் இரண்டு பேரின் படங்கள்தான்!

இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு இன்ஜினியருக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் தேவையில்லை. "எங்களுக்கு வேகம் இருக்கு, இடம்தான் இல்லை" என்று அந்த நிபந்தனையே சொல்லிவிடுகிறது.

அப்போ டெக்கன் எப்படி ஓடியது?

3டி வீரருக்கு ஒவ்வொரு அசைவுக்கும் படம் தேவையில்லை. உடம்பு ஒரே ஒரு மாடல். அசைவு என்பது எந்த மூட்டு எவ்வளவு மடங்கியது என்ற எண்கள் மட்டும். உதாரணத்துக்கு 20 மூட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 3 கோணங்கள், ஒவ்வொரு கோணத்துக்கும் 2 பைட் என்றால் ஒரு நிலைக்கு 120 பைட். 2டியில் ஒரு படம் 6,144 பைட். ஐம்பது மடங்கு வித்தியாசம். 3டி கேட்பது கணக்குப் போடும் வேகத்தை. 2டி கேட்பது வைத்துக்கொள்ளும் இடத்தை. பிளேஸ்டேஷன் முதலாவதை மனதில் வைத்துச் செய்த பெட்டி. அதுவும் டெக்கன் 3இன் ஆர்கேடு பலகையே பிளேஸ்டேஷனை அடிப்படையாக வைத்து உருவானது. ஊர்க்காரன் ஊருக்குத் திரும்பிய மாதிரிதான்.

யார் ஜெயித்தார்கள்?

விற்பனையில் கேள்வியே இல்லை. பிளேஸ்டேஷன் 10 கோடியைத் தாண்டியது. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. ஆளை மாற்ற முடிந்த அந்த நல்ல பதிப்பு ஜப்பானைத் தாண்டி வெளியாகவே இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த கேமை வீட்டில் விளையாடியவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது மாற்ற முடியாத பதிப்புதான். அதனால "சாட்டர்ன்தான் கெத்து" என்று நாம் இன்று சொல்வதில் பாதி, பிற்பாடு இறக்குமதி டிஸ்க்கும் எமுலேட்டரும் வைத்து வந்த ஞானம்.

இந்தக் கதையில் மூன்று வகை இழப்பைப் பார்த்தோம். பின்னணியில் ஒரு அடுக்கு குறைவது அழகில் இழப்பு, ஆட்டம் தாங்கும். நடுப் படங்கள் குறைவது, எதிராளியைப் படிப்பதில் இழப்பு. ஆட்டம் தாங்கும், ஆனால் கண் கஷ்டப்படும். ஆள் மாற்றம் போவது விதியிலேயே இழப்பு. அதற்கு அப்புறம் பெட்டியில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் கேம் வேறு. "இந்த போர்ட் நல்லா இருக்கா?" என்று யாராவது கேட்டால், நான் இப்போதெல்லாம் இந்த மூன்றில் எது போனது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இந்த மெமரிச் சண்டை சீக்கிரமே முடிந்தது. 1999இல் செகா ட்ரீம்காஸ்டுக்கு மார்வெல் வெர்சஸ் கேப்காம் வந்தது. முக்கிய மெமரி 16 மெகாபைட், வீடியோவுக்குத் தனியாக 8. ஆள் மாற்றம் பத்திரமாக இருந்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் சாதாரண போனில் அந்த நான்கு பேரை ஆயிரம் தடவை உட்கார வைக்கலாம்.

ஆனாலும் அந்த மாதிரி 2டி சண்டை கேம்கள் குறைந்துபோயின. மெமரி மலிவானது, வரையும் கை மலிவாகவில்லை. 2010இல் வந்த தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 13 வரைக்கும் எஸ்என்கே ஸ்ப்ரைட்டில் நின்றது. 2016இல் 14வது பாகம் 3டிக்குப் போனது. 2014இல் கில்டி கியர் எக்ஸ்ஆர்டி இன்னொரு வழி பிடித்தது. முழுக்க 3டி மாடல்கள். ஆனால் அசைவை வழவழவென்று ஓடவிடாமல், கையால் வரைந்த படம் ஒன்று மாறி ஒன்று வருவது போல வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள். ஒரு காலத்தில் மெமரி இல்லாமல் படங்களைக் குறைத்தோம். இப்போது மெமரி இருந்தும், கண் பழகிய அந்த இடைவெளியை உட்கார்ந்து திரும்பச் செய்கிறோம்.

அடுத்த தடவை எமுலேட்டரில் ஏதாவது பழைய சண்டை கேம் ஓட்டினால் ஒரு வேலை பண்ணுங்க. ஒரே ஒரு உதையை எடுத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி எத்தனை படங்கள் என்று எண்ணுங்க. அப்புறம் அதே உதையை இன்னொரு கன்சோலின் பதிப்பில் எண்ணுங்க. குறையும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்து, இன்னொருவர் மனசில்லாமல் நீக்கிய ஒரு படம். எந்த கேம், எத்தனை குறைந்தது என்று எனக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.

அதுவரைக்கும் பை மக்களே!